ஸ்டாண்டில் கேட்ட அபராதம்: வண்டியை எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பி வாங்கும் வழி

வண்டி நிறுத்துமிடம் நடத்துகிற தனியார் ஒருவர் உங்களிடம் கட்டணம் கேட்கலாம். உங்களால் அவருக்கு உண்மையாகவே நஷ்டம் வந்திருந்தால் அதையும் கேட்கலாம். தண்டனை கொடுக்க மட்டும் அவருக்கு அதிகாரம் கிடையாது. அது அரசாங்கத்தின் வேலை. அதற்கு ஒரு சட்டப்பிரிவும், எண் போட்ட சலானும், கையெழுத்துப் போட ஓர் அதிகாரியும் வேண்டும். டோக்கன் தொலைந்தால் 500, கோட்டுக்கு வெளியே நின்றால் 300 என்று அட்டையில் எழுதி ஒட்டிவிட்டதாலேயே அந்தத் தொகைக்குச் சட்டபலம் வந்துவிடாது. இது புரிந்துவிட்டால் மீதியெல்லாம் காகித வேலைதான்.

காகித வேலை எனக்குப் பழக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். நூல் மில், நிட்டிங், சாயப்பட்டறை, காம்பேக்டிங், பிரிண்டிங் என்று எல்லார் பில்லும் என் மேஜைக்கு வந்துதான் போகும். எங்கள் ஊரில் சரக்கு தாமதமானாலும் சாயம் மாறினாலும் டெபிட் நோட், அதாவது பில் தொகையில் இவ்வளவு பிடித்துக்கொள்கிறோம் என்ற சீட்டு, போடுவது அன்றாட வழக்கம். ஒரு டெபிட் நோட் வந்தால் நான் கேட்பது: எந்த ஆர்டர், எந்த நிபந்தனை, எவ்வளவு நஷ்டம், அதற்குக் கணக்கு எங்கே? பதில் எழுத்தில் வந்தாக வேண்டும் என்றும் சொல்லிவிடுவேன். பல டெபிட் நோட்டுகள் அங்கேயே இளைத்துவிடும். ஸ்டாண்டுக்காரரிடம் கேட்க வேண்டியதும் இதே கேள்விகள்தான்.

என் சொந்த வழக்கையே எடுத்துக்கொள்கிறேன். கோவையில் ஒரு வணிக வளாகம். பெயர் இங்கே தேவையில்லை. ஸ்கூட்டரைத் தரைக்கீழ்த் தளத்தில் விட்டேன். இருசக்கர வாகனத்துக்கு 20 ரூபாய். சின்ன இயந்திரத்திலிருந்து வழவழப்பான டோக்கன் ஒன்று வந்தது. அதைச் சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டு மேலே போனேன். அன்று காலை முழுவதும் வண்டி சித்திரை வெயிலில் நின்றிருந்தது. அந்தப் பெட்டி நன்றாகச் சூடேறிக் கிடந்தது. அந்த வகைக் காகிதத்தில் மை கிடையாது, சூடு பட்டால் கறுக்கும் ரசாயனப் பூச்சுதான் எழுத்தாகிறது. திரும்பி வந்து பார்த்தபோது டோக்கன் முக்கால்வாசி கறுத்திருந்தது. வாசலில் இருந்த பையன் கருவியை வைத்துப் பார்த்தான், படிக்கவில்லை.

"டோக்கன் தொலைந்த மாதிரிதானுங்க அக்கா. 500 கட்டணும்" என்றான்.

"தம்பி, தொலையவில்லை. உங்கள் கையில்தான் இருக்கிறது."

"கம்பெனி ரூல்ஸுங்க."

இங்கே பலர் சண்டை போடுவார்கள். நான் போடமாட்டேன், நீங்களும் போடாதீர்கள். கூண்டில் உட்கார்ந்திருப்பவர் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வந்தவர். அன்றைய வசூலில் குறைந்தால் அவர் சம்பளத்தில் பிடிப்பார்கள். விதியை எழுதியவர் வேறெங்கோ இருக்கிறார். பின்னால் நிற்கும் வண்டிகள் ஹாரன் அடிக்கும், உங்களுக்குக் கோபம் ஏறும், கோபத்தில் எதையாவது சொன்னால் அந்தக் காட்சி யாரோ ஒருவருடைய கைபேசியில் பதிவாகும். பணத்தைக் கொடுத்து வண்டியை எடுங்கள். ஆனால் "மறுப்புடன் கொடுக்கிறேன்" என்பதற்கு ஓர் அடையாளத்தை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். அடையாளம் இல்லாமல் கொடுத்தால், நீங்களே ஒப்புக்கொண்டு கட்டியதாகப் பிறகு வாதிடுவார்கள்.

யுபிஐ மூலம் கட்டினால் இதற்குச் செலவே இல்லை. குறிப்பு எழுதும் கட்டத்தில் வண்டி எண்ணையும் "மறுப்புடன் செலுத்தியது" என்பதையும் எழுதுங்கள். ரொக்கம்தான் என்று அடம்பிடித்தால், கட்டிய ஐந்து நிமிடத்துக்குள் உங்கள் எண்ணுக்கே ஒரு குறுஞ்செய்தி அனுப்பிக்கொள்ளுங்கள்: இடம், நேரம், தொகை, காரணம். பணம் அனுப்பும்போது திரையில் தெரியும் பெயரைக் கட்டாயம் கவனியுங்கள். எனக்கு வளாகத்தின் பெயரும் வரவில்லை, குத்தகை நிறுவனத்தின் பெயரும் வரவில்லை. ஏதோ ஒரு தனிநபரின் பெயர் வந்தது. கணக்குப் பார்க்கிறவளுக்கு இது போதும். அந்தத் திரையைப் படம் பிடித்து வைத்தேன். பிற்பாடு அவர்களுடைய மேலாளரின் குரல் இறங்கியதற்கு அந்தப் படமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பிறகு படங்கள். நுழைவாயிலில் இருக்கும் கட்டணப் பலகையை முழுதாகத் தெரியும்படி எடுங்கள். அபராதம் எழுதியிருக்கும் இடத்தைத் தனியாக எடுங்கள். அது நுழையும்போது கண்ணில் படுகிற இடமா, வெளியேறும்போது மட்டும் தெரிகிற இடமா என்பது விளங்கும்படி, சற்றுத் தள்ளி நின்று இன்னொரு படம் எடுங்கள். இது மிக முக்கியம். வண்டியை உள்ளே விட்டுக் கட்டணத்துக்கு ஒப்புக்கொள்ளும் நேரத்தில்தான் ஒப்பந்தம் உருவாகிறது. வெளியே வரும்போது கூண்டின் கண்ணாடியில் காட்டுகிற ஒட்டுத்தாளைக் கொண்டு அதில் புதிய நிபந்தனையைச் சேர்க்க முடியாது. என் விஷயத்தில் 500 ரூபாய் என்ற வரி வெளியேறும் பக்கத்தில் மட்டும், பழைய தொகையின்மேல் ஒட்டிய துண்டுத்தாளில் இருந்தது.

ரசீது கேளுங்கள். "அபராதத்துக்கு ரசீது கிடையாது" என்றால் நல்லது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், கொடுத்த சேவைக்கு உரிய பில்லோ ரசீதோ தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2(47) பிரிவு சொல்கிறது. 500 ரூபாய் நியாயமா இல்லையா என்பதற்கு வாதம் வேண்டும். ரசீது தராததற்கு அந்த வாதம்கூடத் தேவையில்லை. 20 ரூபாய் கட்டணத்தின் டோக்கனையும் தூக்கி எறியாதீர்கள். இலவச சேவை அந்தச் சட்டத்துக்குள் வராது. நீங்கள் காசு கொடுத்த நுகர்வோர் என்று நிரூபிப்பது அந்த 20 ரூபாய்தான்.

உங்களிடம் பணம் வாங்கியது யார்?

பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான். வளாகத்தின் பெயரைப் போட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புவார்கள், "நிறுத்துமிடம் எங்கள் பொறுப்பில் இல்லை" என்று ஒரு வரியில் பதில் வரும், அத்தோடு சோர்ந்துவிடுவார்கள். டோக்கனில் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று பாருங்கள். பதினைந்து இலக்கம், தமிழ்நாட்டில் பதிவானது என்றால் 33 என்று தொடங்கும். அதை ஜிஎஸ்டி இணையதளத்தில் வரி செலுத்துவோர் தேடலில் இட்டால், பதிவான சட்டப்பெயரும் தொழில் முகவரியும் வரும். கட்டணம் கிடையாது, கணக்கும் தொடங்க வேண்டாம். என் டோக்கன் கறுத்துப்போயிருந்ததால் பின்னால் நின்றவரிடம் கேட்டு அவருடையதைப் படம் எடுத்துக்கொண்டேன். எண் வேறொரு ஊரில் பதிவான ஒரு கூட்டு நிறுவனத்துக்குப் போனது. இனி கடிதம் இரண்டு பேருக்குப் போக வேண்டும்: அந்த நிறுவனம் ஒன்று, இடத்தைக் கொடுத்த வளாகம் ஒன்று. இருவரில் யார் பொறுப்பு என்பதை அவர்களே பேசித் தீர்க்கட்டும்.

பஸ் நிலையத்து ஸ்டாண்டு வேறு வகை. இன்றைக்கும் சைக்கிள் ஸ்டாண்டு என்றுதான் சொல்கிறோம், உள்ளே சைக்கிளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அந்த இடம் மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ சொந்தம். ஏலத்தில் குத்தகை எடுத்தவர் நடத்துகிறார். அவர் எவ்வளவு வசூலிக்கலாம் என்பது குத்தகை நிபந்தனையில் இருக்கும், அது பொது ஆவணம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிய ஒரு மனுவில் அந்த உள்ளாட்சியின் பொதுத் தகவல் அலுவலரிடம் கேட்டால், 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கேள்வியைச் சுருக்கமாக வையுங்கள்: இந்த ஸ்டாண்டின் நடப்புக் குத்தகை உத்தரவு, கட்டண விவரம், டோக்கன் தொலைந்தால் வசூலிக்க அனுமதித்த தொகை, இவற்றின் நகல். "ஏன் கொள்ளையடிக்க விடுகிறீர்கள்?" என்று கேட்டால், அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள், அவர்கள் சொல்வதும் சரிதான்.

என் அத்தை மகன் தினமும் விடியற்காலைப் பஸ்ஸில் கோவைக்கு வேலைக்குப் போகிறவர். அவர் ஊர் ஸ்டாண்டில், நள்ளிரவு தாண்டினால் அது இரண்டாம் நாள் என்று கணக்குப் போட்டு இரட்டிப்பாக வாங்கி வந்தார்கள். தகராறு செய்தவர்களிடம் அதற்கு மேல் அபராதம். குத்தகை உத்தரவின் நகல் கைக்கு வந்தபோது, வண்டி விட்ட நேரத்திலிருந்து 24 மணி நேரம் ஒரு நாள் என்று தெளிவாக எழுதியிருந்தது. நகலோடு ஒரு மனு ஆணையரிடம், இன்னொன்று திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில். ஸ்டாண்டில் புதுப் பலகை வைத்தார்கள். பழைய பணம் எல்லாம் அவருக்குத் திரும்பவில்லை, அவரிடம் ரசீது இருந்தவற்றுக்கு மட்டும் கிடைத்தது. அரசு உதவி எண் 1100-இலும் இத்தகைய புகாரைப் பதியலாம். ஆனால் கையில் நகல் இல்லாமல் பதிந்தால் "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று மூடிவிடுவார்கள்.

ரயில் நிலைய ஸ்டாண்டு ரயில்வேயின் குத்தகை. கோவை, திருப்பூர், ஈரோடு நிலையங்கள் சேலம் கோட்டத்தில் வருகின்றன. 139-இல் அல்லது ரயில் மதாத் செயலியில் படத்தோடு பதியுங்கள். குத்தகைதாரரைத் தட்டிக் கேட்க ரயில்வேக்குக் குத்தகை நிபந்தனையே போதும் என்பதால், மூன்று வகையில் இதுதான் சீக்கிரம் அசையும்.

எதைச் சொல்லி எதிர்ப்பது?

முதல் ஆயுதம் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74-ஆம் பிரிவு. ஒப்பந்தத்தில் மீறலுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை எழுதி வைத்திருந்தாலும், அந்த முழுத் தொகையும் தானாகக் கிடைத்துவிடாது. நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு மட்டுமே. 2015-இல் கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் வழக்கில், நஷ்டமே இல்லாத இடத்தில் இழப்பீடும் இல்லை என்ற அடிப்படையை உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. கோடிக்கணக்கான ரூபாய் நில ஏலத்தில் எழுந்த வழக்கு அது. ஆனால் சட்டப்பிரிவு ஸ்கூட்டருக்கும் அதேதான். படிக்க முடியாமல் போன ஒரு டோக்கனால் அவர்களுக்கு வந்த நஷ்டம் என்ன? என் நேரத்தைப் பதிவேட்டில் பார்க்க ஒருவருக்கு ஐந்து நிமிடம். அதிகம் போனால் ஒரு நாள் முழுக் கட்டணம். அதற்கு மேல் எது கேட்டாலும் கணக்குக் காட்டச் சொல்லுங்கள்.

ஒரு நியாயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். டோக்கன் உண்மையாகவே தொலைந்திருந்தால் ஸ்டாண்டுக்காரருடைய பயம் பொய்யல்ல. கண்டெடுத்தவன் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டால் நாளைக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் ஆர்.சி. கேட்பது, ஓட்டுநர் உரிமத்தைப் பார்ப்பது, பதிவேட்டில் கையெழுத்து வாங்குவது, அந்தச் சிரமத்துக்குச் சிறு தொகை கேட்பது எல்லாம் சரி. டிஜிலாக்கரில் இருக்கும் ஆர்.சி.யே போதும். இவ்வளவும் காட்டிய பிறகும் 500 கேட்டால், அது பயத்துக்கான விலை இல்லை.

"பணம் கட்டாவிட்டால் வண்டியைத் தரமாட்டோம்" என்பது அடுத்து வரும் மிரட்டல். அதே சட்டத்தின் 171-ஆம் பிரிவு, பழைய பாக்கிக்காகப் பிறர் பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொது உரிமை யாருக்கெல்லாம் உண்டு என்று பட்டியல் போடுகிறது: வங்கிகள், தரகு வணிகர், படகுத்துறைக்காரர், உயர்நீதிமன்ற வழக்கறிஞர், காப்பீட்டுத் தரகர். வேறு யாருக்கும், வெளிப்படையான ஒப்பந்தம் இல்லாமல், அந்த உரிமை கிடையாது. சைக்கிள் ஸ்டாண்டு அதில் இல்லை. வாசலில் இதை ஓதிக்கொண்டிருக்க வேண்டாம். கடிதத்தில் ஒரு வரி போதும்.

"பலகையில் போட்டிருக்கிறோமே" என்பதற்கும் ஒரு பதில் உண்டு. 2019 நவம்பரில் தாஜ் மஹால் ஹோட்டல் வழக்கில், ஊழியரிடம் சாவியைக் கொடுத்து நிறுத்திய கார் திருட்டுப் போனதற்கு, "உரிமையாளர் பொறுப்பில்" என்று சீட்டில் அச்சிட்டிருப்பதைக் காட்டி ஹோட்டல் தன் கவனக்குறைவிலிருந்து தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது திருட்டு வழக்கு, அபராத வழக்கு அல்ல. அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. அச்சிட்டதெல்லாம் வேதம் ஆகாது என்று காட்டுவதற்கு உதவும்.

சொல்லக் கூடாத வாதம் ஒன்றும் இருக்கிறது. "வணிக வளாகத்தில் முதல் அரை மணி நேரம் இலவசம், அரசாணை இருக்கிறது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பி எழுதாதீர்கள். 2018-இல் அப்படி ஆணை போட்டது தெலங்கானா அரசு. கோவை வளாகத்துக்கு அதைக் காட்டினால் உங்கள் மற்ற வாதங்களையும் சேர்த்துச் சிரிப்பார்கள். அதேபோல் விலையையும் அபராதத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆடிப் பதினெட்டுக்குப் பவானி கூடுதுறைக்குப் போகிறீர்கள், வழியில் ஒருவர் தன் காட்டைத் திறந்துவிட்டுக் காருக்கு 100 கேட்கிறார் என்றால், அது அவர் இடத்துக்கு அவர் சொல்லும் விலை. பிடிக்காவிட்டால் தள்ளிப் போய் நிறுத்திவிட்டு நடக்கலாம். உள்ளே விட்ட பிறகு புதிதாக முளைக்கிற தொகைதான் நம் சண்டைக்குரியது.

இனிக் கடிதம். நான் அனுப்பியதை அப்படியே தருகிறேன், விவரங்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

"ஐயா, மேற்கண்ட தேதியில் என் இருசக்கர வாகனத்தை உங்கள் நிறுத்துமிடத்தில் 20 ரூபாய் கட்டணத்துக்கு விட்டிருந்தேன். வெளியேறும்போது நீங்கள் வழங்கிய டோக்கனை ஒப்படைத்தேன். உங்கள் கருவியால் அதைப் படிக்க முடியாத காரணத்தால், டோக்கன் தொலைந்ததாகக் கருதி 500 ரூபாய் கேட்கப்பட்டது. ஆர்.சி., ஓட்டுநர் உரிமம் இரண்டையும் காட்டியும் ஏற்கவில்லை. வண்டியை எடுப்பதற்காக அந்தத் தொகையை மறுப்புடன் செலுத்தினேன். ரசீது கேட்டும் தரவில்லை. இந்தத் தொகை நுழைவாயில் பலகையில் இல்லை, படம் இணைத்துள்ளேன். உங்களுக்கு ஏற்பட்ட நஷ்டம் எவ்வளவு என்பதை இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி கணக்கோடு தெரிவிக்கவும், அல்லது 500 ரூபாயை இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் திருப்பித் தரவும். தவறினால், நியாயமற்ற வணிக நடைமுறைக்காகவும் சேவைக் குறைபாட்டுக்காகவும் நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுச் செய்வேன். பணம் பெற்ற யுபிஐ கணக்கு யாருடையது என்பதையும் எழுத்தில் தெரிவிக்கவும்."

இவ்வளவுதான். வசை வேண்டாம், மன உளைச்சல் புராணம் வேண்டாம், பெரிய எழுத்தில் ஆச்சரியக்குறி வேண்டாம். ஒரு பக்கத்தைத் தாண்டினால் படிக்கிறவர் கடைசி வரிக்கு வரமாட்டார், உங்கள் கோரிக்கை அங்கேதான் இருக்கிறது. தபாலில் ஒப்புகை பெறும்படி அனுப்புங்கள். அதே நகலை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

எனக்குப் பதில் தொலைபேசியில் வந்தது. "மேடம், 500 ரூபாய்க்கு இவ்வளவு பெரிய லெட்டருங்களா? அடுத்த தடவை வாங்க, ஃப்ரீ பாஸ் போட்டுத் தர்றோமுங்க." மறுத்துவிட்டேன். இலவச பாஸ் வாங்கினால் விஷயம் முடிந்ததாக ஆகிவிடும், 500 ரூபாய் விதியும் அப்படியே இருக்கும். "எழுத்தில் அனுப்புங்கள்" என்று மட்டும் சொல்லி வைத்தேன். எந்த எண்ணிலிருந்து செலுத்தினேனோ, என்னுடைய அதே எண்ணுக்குப் பணம் திரும்பி வந்தது. கூடவே "நல்லெண்ண அடிப்படையில்" என்று ஒரு வரி. எந்த அடிப்படையில் வந்தாலும் வரவு வரவுதான். பெற்றுக்கொண்டேன் என்று ஒரு வரி பதில் எழுதினேன்.

சக்கரத்தில் பூட்டு மாட்டிவிட்டால் மட்டும் இந்தப் பொறுமை வழி போதாது. ஈரோட்டில் செவ்வாய்க்கிழமை ஜவுளிச் சந்தைக்குப் போன பெரியப்பா, காரைத் தெருவோரம் விட்டிருந்தார். திரும்பி வந்தால் எதிரே கடை வைத்திருந்தவர் சக்கரத்தில் சங்கிலி போட்டு, கடையை மறைத்ததற்கு 1,000 ரூபாய் என்றார். பொதுச் சாலையில் வண்டியை அப்புறப்படுத்தவோ சக்கரத்தைப் பூட்டவோ உத்தரவிடும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆம் பிரிவில், சீருடையில் இருக்கும் காவல் அதிகாரிக்குத்தான் இருக்கிறது. கடைக்காரருக்கு அல்ல, வளாகக் காவலாளிக்கும் அல்ல. 100-ஐ அழையுங்கள். பூட்டை உடைக்காதீர்கள், உடைத்தால் சேதத்துக்காக அவர் உங்கள் மேல் புகார் கொடுப்பார். ரோந்து வந்தது, சங்கிலி கழன்றது, அடுத்தவர் வாசலில் நிறுத்தியதற்காகப் பெரியப்பாவுக்கும் நாலு வார்த்தை கிடைத்தது. அது அவருக்குத் தேவைதான் என்று பெரியம்மா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் கதையும் ஏறக்குறைய இதுதான்: சங்க விதி உறுப்பினர்களைக் கட்டுப்படுத்தும், பொங்கலுக்கு வந்த விருந்தாளியை அல்ல. ஆனால் அங்கே நீங்கள் காசு கொடுத்த நுகர்வோர் இல்லை என்பதால் நுகர்வோர் ஆணையம் உதவாது. அழைத்த வீட்டுக்காரர்தான் சங்கத்தோடு பேச வேண்டும்.

கைபேசிக்கு "பார்க்கிங் அபராதம் நிலுவை" என்று இணைப்போடு வரும் செய்தியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். காவல்துறையின் உண்மையான சலானை, பரிவாகன் தளத்தில் உங்கள் வண்டி எண்ணைக் கொடுத்தே பார்த்துக்கொள்ளலாம், முகவரி gov.in என்று முடியும். செயலியைப் பதிவிறக்கச் சொன்னால் அது மோசடி. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

கடிதத்துக்குப் பதிலே வரவில்லை என்றால் அடுத்த படி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அது நீதிமன்றம் இல்லை. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்கும் இடம். பெயருக்குப் பயப்படும் நிறுவனம் அங்கேயே இறங்கி வரும். யாரும் கேள்விப்படாத குத்தகைதாரர் அசையமாட்டார். அவருக்கு மாவட்ட ஆணையம்தான்.

ஆணையத்துக்கு வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம் என்பது 2019 சட்டம் கொடுத்த பெரிய வசதி. கோவையில் நடந்ததற்கு நான் திருப்பூரில் மனுப் போடலாம். பதில் சொல்ல அவர்கள்தான் இங்கே வர வேண்டும். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவேற்றலாம். மனு, நாள்வரிசைப்படி சம்பவக் குறிப்பு, பிரமாணப் பத்திரம், கடித நகல், தபால் ஒப்புகை, படங்கள். கைபேசிப் படங்களைச் சாட்சியாக வைக்கும்போது, பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்கிற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றும் இணைக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எழுதத் தயக்கமாக இருந்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100-இல் கேளுங்கள். அங்கே இலவச உதவி பெறப் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

மனுவில் ஒரு கண்ணி இருக்கிறது. 2019 சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்தம் என்று ஒரு தனி வகை உண்டு; மீறலால் வந்த நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத தண்டத்தொகை அதற்குள் நேராக வருகிறது. படித்தவுடன் நமக்கென்றே எழுதியது போலத் தோன்றும். ஆனால் அந்த வகை வழக்கை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்தில்தான் தொடங்குகிறது, மாவட்டத்துக்கு இல்லை. அந்தச் சொல்லைத் தலைப்பில் போட்டு மாவட்டத்தில் கொடுத்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு முதல் நாளே ஓர் ஆட்சேபம் இலவசமாகக் கிடைக்கும். மாவட்டத்தில் "நியாயமற்ற வணிக நடைமுறை", "சேவைக் குறைபாடு" என்ற இரண்டை மட்டும் எழுதுங்கள்.

நிவாரணமாக வாங்கிய தொகை, அதற்கு வட்டி, வழக்குச் செலவு, அளவான ஒரு இழப்பீடு கேளுங்கள். 500 ரூபாய்க்கு 5 லட்சம் கேட்கிறவரைப் பார்த்தால் ஆணைய உறுப்பினர்களுக்கு அலுப்புத்தான் வரும். அதைவிட, அந்த அபராத வசூலையே நிறுத்த உத்தரவிடுமாறு ஒரு கோரிக்கையைச் சேருங்கள். நிறுத்துமிடக்காரருக்கு உங்கள் 500 பெரிதில்லை, அந்த வசூல் நிற்பது பெரிது.

நோட்டீஸ் போன பிறகு எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள், ஆணையம் அனுமதித்தால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் கிடையாது. நடுவில் சமரசத்துக்கு அனுப்பலாமா என்று கேட்பார்கள். முழுத் தொகையும் எழுத்தில் வந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். சட்டம் மூன்று மாதத்தில் முடிக்கச் சொல்கிறது, அதை நம்பி நாட்காட்டியில் குறிக்காதீர்கள். வாய்தாவுக்குக் காணொலியில் ஆஜராக அனுமதி கேட்டு முன்கூட்டியே மனுக் கொடுத்தால் ஒரு நாள் சம்பளம் மிஞ்சும். உத்தரவு வந்தால் மேல்முறையீட்டுக்கு 45 நாள். அதன் பிறகும் பணம் வரவில்லை என்றால், அதே ஆணையத்தில் 71-ஆம் பிரிவின் கீழ் நிறைவேற்று மனுவும், 72-ஆம் பிரிவின் கீழ்த் தண்டனை கோரும் மனுவும் போடலாம். பின்னதில் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ உண்டு.